தெருப் பக்கத்து ஜன்னல்

நார்த் வெல்பி, மாசசூசெட்ஸ்
18 ஜூன் 2006

அன்புத் தம்பி ஹாயட்டுக்கு,

அக்கா நடீன் எழுதுவது. நான் திடமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. உன் இடுப்புவலி எப்படி இருக்கிறது? டார்லாவும் பிள்ளை டால்டனும் சுகமா? கோழிப் பண்ணையில் இந்த வெயிலுக்குச் சேதம் ஒன்றும் இல்லையே?

அம்மாவை அடக்கம் செய்த அன்று சாப்பாட்டு மேஜையில் நாம் கத்திக்கொண்டதற்குப் பிறகு இதுதான் என் முதல் கடிதம். போனை எடுத்தால் பேச்சு மறுபடி தேர்தலில் போய் முடியும், அதனால்தான் காகிதம். அன்றைக்கு நீ உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தை மேஜையில் டங்கென்று வைத்துவிட்டுக் கேட்டாயே: “ஈராக் சண்டைக்குப் போறதெல்லாம் எங்க ஊர்ப் பிள்ளைங்க. உங்க ஊர்லேர்ந்து ஒருத்தன், ஒரே ஒருத்தன் போயிருக்கானா? தட்டியத் தூக்கிட்டு நிக்க மட்டும் ஆள் இருக்கு!” நான் பதில் சொல்லாமல் காரில் ஏறிவிட்டேன்.

இப்போது பதில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து ஒருவன் போகிறான். என் மகன்.

டோபின் கையெழுத்துப் போட்டுவிட்டான். காலாட்படை. ஜூலையில் ஜார்ஜியாவுக்குப் பயிற்சிக்குப் போகிறான். பட்டாளத்துக்கு ஆள் பிடிப்பவர்கள் எங்கள் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை போடக் கூடாது என்று கூட்டம் கூட்டமாகப் பேசி, அவர்களை ஒரு மூலைக்குத் தள்ளியவள் நான். அந்தப் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுப்பவள். என் பிள்ளை பஸ் பிடித்து ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான்! ஏன்டா என்று கேட்டால், “நீதானம்மா மேடைல பேசின, இந்தச் சண்டைய ஏழைப் பிள்ளைங்க தலைல கட்டிட்டாங்கன்னு. நம்ம ஊர்லேர்ந்தும் ஒருத்தன் போகட்டுமே” என்கிறான். என் வாயாலேயே என்னை அடித்தான்.

ஓரிகனில் இருக்கிற அவன் அப்பாவிடம் சொன்னேன். “பெரியவனாயிட்டான், அவன் இஷ்டம்” என்று போனை வைத்துவிட்டார். அவருக்கு என்ன, புதுக் குடும்பம்.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பக்கத்து வீட்டு ஃபிலிஸிடம் என்ன சொல்வேன் என்றுதான் முதலில் தோன்றியது. சனிக்கிழமை மதியம் ஊர்ப் புல்வெளியில் சண்டை வேண்டாம் என்று நாங்கள் ஒரு கூட்டமாக நிற்கிறோம். ஃபிலிஸும் நானும் ஒரே தட்டியின் ஆளுக்கொரு முனையைப் பிடிப்பவர்கள். அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

போன கோடையில் டோபின் உன் வீட்டில் தங்கினானே, அப்போது அவன் காதில் ஏதாவது ஓதினாயா? உண்மையைச் சொல்.

உன் அக்கா,
நடீன்


கட்லர் கிராஸிங், அலபாமா
27 ஜூன் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று டார்லா உட்கார்ந்துவிட்டாள். இங்கே எல்லோரும் சுகம். இடுப்பு வலிக்கிறது, கோழிகள் தின்கின்றன, வழக்கம்போல.

ஓதவில்லை அக்கா. உன் பிள்ளைக்கு வேலி கட்டச் சொல்லிக்கொடுத்தேன், அவ்வளவுதான். ஆனால் அவன் கண்ணில் பட்டிருக்கும். இங்கே ஆள் சேர்க்கிற சார்ஜென்ட்தான் பையன்களுக்குப் பேஸ்பால் பயிற்சி கொடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் எங்களுக்கு முன் வரிசையில் உட்காருகிறார். எந்த வீட்டுப் பையன் எந்த முகாமில் இருக்கிறான் என்று முடி வெட்டுகிறவனைக் கேட்டால் போதும். மில் மூடியதால்தான் எங்கள் பிள்ளைகள் போகிறார்கள் என்று நீ எப்போதும் சொல்வாய். அதுவும் உண்டு. அது மட்டும் இல்லை. இங்கே போகாமல் வீட்டில் இருக்கிறவனைப் பார்த்துத்தான் ஜனங்கள் ‘ஏன்’ என்று கேட்பார்கள்.

நம்ம டால்டனும் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆகஸ்டில் போகிறான். போன ஞாயிறு அவனை முன்னால் கூப்பிட்டு எல்லோரும் தோளில் கை வைத்து ஜெபம் பண்ணினார்கள். எனக்குச் சட்டைப் பித்தான் தெறித்துவிடும்போல இருந்தது. இரண்டு பேரையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன்.

நீ ஊரை விட்டுப் போய் ரொம்ப நாளாயிற்று, அதனால் சொல்கிறேன். பயிற்சி முகாமில் போன் கிடையாது, கடிதம் மட்டும்தான். தினமும் எழுது. தின்பண்டம் அனுப்பாதே. வெறும் வெள்ளை உறையில் போடு, மேலே படம் கிடம் ஒன்றும் இருக்கக் கூடாது. அங்கே தபாலைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கொடுப்பார்கள்.

இத்துடன் ஒரு கொடி வைத்திருக்கிறேன். சிவப்புக் கரை, வெள்ளைத் துணி, நடுவில் நீல நட்சத்திரம். இந்த வீட்டுப் பிள்ளை பட்டாளத்தில் இருக்கிறான் என்பதற்கு அடையாளம், அம்மா காலத்தில் நீயே பார்த்திருக்கிறாய். இங்கே ஹார்டுவேர் கடையில் மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் தொங்கும், உங்கள் ஊரில் கிடைக்காது. தெருப் பக்கத்து ஜன்னலில் மாட்டு.

எங்கள் எல்லோர் அன்பும் உனக்கு.
ஹாயட்


நார்த் வெல்பி
30 ஜூலை 2006

அன்புத் தம்பிக்கு,

நலம், உங்கள் நலமறிய ஆவல். டோபின் போய்விட்டான். பஸ்ஸில் ஏறும்போது என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனான், நான்தான் ஏதோ பள்ளிக்கூடம் போகிற மாதிரி.

கொடி வந்தது. மாட்டியிருக்கிறேன். வெயில் படாத ஜன்னல், சாயம் போகாது. நீ கவலைப்படாதே.

தினமும் எழுதுகிறேன். எங்கள் அமைதிக் குழு அச்சடித்த உறைகள் வீட்டில் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன, நல்ல கனமான காகிதம். கடைக்குப் போய் வேறு வாங்குவானேன் என்று அதிலேயே போட்டு அனுப்பிவிடுகிறேன். பின்பக்கம் ஒரு சின்னப் புறாதான், யார் பார்க்கப் போகிறார்கள்?

ஃபிலிஸ் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “டோபின ஆளையே காணோமே?” என்றாள். வெளியூர் போயிருக்கிறான் என்றேன். பொய் இல்லையே. “எங்க?” என்றாள். அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

டால்டன் கிளம்பும் நாளை எழுது. டார்லாவுக்கு என் அன்பு.

நடீன்


பயிற்சி முகாம், ஜார்ஜியா
13 ஆகஸ்ட் 2006

அன்புள்ள அம்மாவுக்கு,

நன்றாக இருக்கிறேன். சாப்பாடு பரவாயில்லை, மெல்லத்தான் நேரம் கிடையாது. காலில் கொப்புளம் ஆறிவிட்டது. உன் முழங்கால்?

அம்மா, தயவுசெய்து வெள்ளை உறை. சார்ஜென்ட் உன் கடிதத்தை உயரத் தூக்கிப் பிடித்து, உறையின் பின்னால் இருந்ததைச் சத்தமாக வாசித்தார். ‘படைகளை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள், இப்போதே.’ மொத்தப் பேரும் சிரித்தார்கள். “யாருடா உனக்கு இத அனுப்பினது?” என்று மூக்குக்கு நேரே வந்து கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கையை இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடு என்றார். ஓடினேன். இப்போது என் பேர் புறா.

கோபத்தில் எழுதவில்லை. புறா நல்ல பேர்தான், ஒருவனுக்கு இங்கே பன்றி என்று பேர்.

எங்கள் கூட்டத்தில் டெக்சாஸ், ஜார்ஜியா, ஃப்ளோரிடா, டென்னஸி என்று எல்லா இடத்துப் பையன்களும் இருக்கிறார்கள். மாசசூசெட்ஸ் நான் ஒருவன்தான். “உங்க ஊர்ல ஆம்பிளைங்களே பொறக்கறது இல்லியா?” என்று கேட்கிறார்கள். என் கட்டிலுக்குக் கீழ்க் கட்டிலில் லேமார் என்று ஒருவன், மிஸிஸிப்பி. அவன்தான் எனக்கு ஷூ பாலிஷ் போடவும் படுக்கையை மடிக்கவும் சொல்லிக்கொடுத்தான். அவன் அப்பா, மூன்று மாமன்கள் எல்லோரும் பட்டாளம்.

நவம்பர் தொடக்கத்தில் பயிற்சி முடியும். கடைசியில் வீட்டார் வந்து எங்கள் வலது தோளில் நீலக் கயிறு மாட்டுவார்கள், காலாட்படைக்காரன் ஆகிவிட்டோம் என்று. அம்மாக்கள்தான் பெரும்பாலும் மாட்டுவார்களாம். வருவாய்தானே?

டோபின்


கட்லர் கிராஸிங்
17 செப்டம்பர் 2006

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். கோழிக் கொட்டகையில் மின்விசிறி எரிந்துபோய் ஒரே அலைச்சல்.

டால்டன் ஆகஸ்ட் முதல் வாரமே போய்ச் சேர்ந்தான். அவனைப் பற்றி எழுத விசேஷமாக ஒன்றும் இல்லை. கடிதம் எழுத அவனுக்குக் கை வணங்காது, உனக்குத்தான் தெரியுமே. எங்கள் ஜன்னலிலும் நட்சத்திரம் தொங்குகிறது.

இந்தத் தடவை மழை பரவாயில்லை. டார்லா ஞாயிற்றுக்கிழமைகளில் மாண்ட்கோமரியில் இருக்கிற அவள் பெரியம்மாவைப் பார்க்கப் போகிறாள், கிழவிக்கு முடியவில்லை.

ஹாயட்


கட்லர் கிராஸிங்
5 நவம்பர் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் தேவலையா? கிளம்ப முடியவில்லை என்று நீ டார்லாவிடம் போனில் சொன்னபோது குரலே சரியில்லை என்றாள். கஞ்சி குடித்துப் படுத்துக்கொள்.

நான் போய்விட்டு வந்தேன். டோபின் எப்படி ஆகிவிட்டான் தெரியுமா! கழுத்து என் தொடை அளவு இருக்கிறது. வரிசையில் முகத்தைத் திருப்பக் கூடாது, ஆனால் கண் மட்டும் பார்வையாளர் வரிசை முழுக்க உன்னைத் தேடிற்று. கிட்டே போனதும் உதட்டை அசைக்காமல் கேட்டான்: “அம்மா வரலயா மாமா?” காய்ச்சல்டா என்றேன். “சரி” என்றான்.

கயிற்றை நான்தான் மாட்டினேன். ஊசி தவறி அவன் தோளில் குத்திவிட்டது, பயல் அசையவில்லை. பக்கத்தில் ஒருவர், “இதுல உங்க பையன் யாரு?” என்று கேட்டார். “இதோ, இவன்தான்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டு இன்னொரு தடவையும் சொன்னேன்.

அவன் சிநேகிதன் ஒருவன் வந்து என்னைக் கட்டிக்கொண்டு என்னவோ சொன்னான். அது போகட்டும். நல்ல பிள்ளைகள்.

டோபின் நன்றித் திருநாளுக்கு வீட்டுக்கு வருகிறான். அவனுக்குப் பிடித்ததாகச் செய்துபோடு. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹாயட்


3 டிசம்பர் 2006

அன்புள்ள அம்மாவுக்கு,

பத்திரமாக முகாமுக்கு வந்து சேர்ந்தேன். வான்கோழி பிரமாதம். மீதியைக் கட்டிக் கொடுத்தாயே, அதை லேமாரே தின்று தீர்த்துவிட்டான்.

வீட்டில் இருந்தபோது ஒன்றைச் சொல்லவில்லை. பால் வாங்கக் கடைக்குப் போனேனே, அங்கே ஃபிலிஸ் ஆன்ட்டி என்னைப் பிடித்துக்கொண்டார். “குவாத்தமாலாவுல கிணறு வெட்டற வேலை எப்படிடா போகுது?” என்றார். எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. “தலைய ஏன் இப்படி மழிச்சிருக்க? அங்க பேன் தொல்லையா?”

“ஆமா ஆன்ட்டி, ரொம்ப” என்றேன்.

“தண்ணி வந்துச்சா?”

“வந்துச்சு.”

“உங்கம்மாவுக்கு எவ்ளோ பெருமை தெரியுமா? எங்க போனாலும் உன் பேச்சுதான்.”

அம்மா, நான் அந்தக் கிணற்றைப் பற்றி நிறைய சொல்லிவிட்டேன். எத்தனை அடி ஆழம், ஊர்ப் பிள்ளைகள் எப்படிக் குதித்தார்கள், எல்லாம். உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. சொல்லச் சொல்ல அப்படி ஒரு கிணற்றை நான் வெட்டியிருந்தால் நன்றாக இருக்குமே என்றுகூடத் தோன்றிற்று.

மாமா கொடுத்த கொடியையும் பார்த்தேன். துணி துவைக்கிற அறையில், பின்பக்கக் காட்டைப் பார்த்த ஜன்னலில். மான்கள் பார்த்திருக்கும்.

கோபம் இல்லை. ஜனவரியில் ஈராக்குக்குக் கிளம்புகிறோம். அதற்கு முன்னால் கிறிஸ்துமஸ் விடுமுறை தருகிறார்கள். மாமா வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். அங்கே யாரிடமும் கிணற்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்காது.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.
டோபின்


நார்த் வெல்பி
10 டிசம்பர் 2006

ஹாயட்,

சுகம் விசாரிக்கக்கூட வாய் வரவில்லை. எல்லோரும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

எனக்குக் காய்ச்சல் எதுவும் வரவில்லை. ஹார்ட்ஃபோர்ட் விமான நிலையம் வரை போனேன். டிக்கெட் கையில். டோபினுக்குப் பிடித்த மேப்பிள் மிட்டாய் பையில். வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் பள்ளி இயற்பியல் டீச்சர் நின்றிருந்தாள். “அட, நீங்களும் அட்லாண்டாவா? அங்க என்ன விசேஷம்?” என்றாள். என் மகனுக்கு நீலக் கயிறு மாட்டப் போகிறேன் என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும்? எனக்கு ஒரு சொல் வரவில்லை. எதையோ காரில் மறந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். காரில் உட்கார்ந்தேன். விமானம் மேலே போகிற சத்தம் கேட்டது. வீட்டுக்குப் போய் டார்லாவுக்குப் போன் பண்ணி இருமினேன்.

ஃபிலிஸிடம் குவாத்தமாலா என்று சொன்னதும் நான்தான். ஒரு நாள் வாயில் வந்தது, அப்புறம் அது வளர்ந்துகொண்டே போயிற்று. போன மாதம் அந்தக் கிணற்றுக்காக இங்கே ஒரு கேக் விற்பனைகூட நடத்தினார்கள், நான் நின்று கேக்கை வெட்டிக்கொடுத்தேன். கொடி பின்பக்க ஜன்னலில் இருக்கிறது. டோபின் பார்த்துவிட்டான். அவன் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை, ஃபிலிஸிடம் எனக்காகப் பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருக்கிறது.

இந்தச் சண்டை தப்பு என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. தட்டியில் எழுதியிருப்பதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. பொய்யெல்லாம் தட்டியைப் பிடித்த கையில்தான் இருக்கிறது.

அவன் உன்னிடம் வருகிறான். நான் வரட்டுமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. நன்றாகப் பார்த்துக்கொள். என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது, உனக்கு உரிமை இருக்கிறது.

நடீன்


கட்லர் கிராஸிங்
28 டிசம்பர் 2006

அன்புள்ள அக்காவுக்கு,

திட்ட உட்கார்ந்தேன். இரண்டு தாளைக் கசக்கிப் போட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை அக்கா.

டால்டன் பட்டாளத்தில் இல்லை. போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். துப்பாக்கியைத் தொட்டாலே கை உதறுகிறது, சோறு இறங்கவில்லை, அழுகிறான், இவன் இதற்குச் சரிப்பட மாட்டான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பஸ் நிலையத்தில் போய் நான்தான் அழைத்தேன். காரில் அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “அப்பா, நம்ம ஊர் வழியாவா போறோம்?” இல்லை என்றேன். நேரே மாண்ட்கோமரிக்குக் கொண்டுபோய் விட்டேன். ஒரு டயர் கடையில் வேலை செய்கிறான், மாடியில் ஓர் அறை. டார்லாவின் பெரியம்மா செத்து ஆறு வருஷமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை டார்லா சோறு கொண்டுபோவது அவனுக்குத்தான்.

கொடி இன்னும் என் ஜன்னலில் தொங்குகிறது. நீ இருக்கிற பிள்ளையை மறைத்தாய். நான் இல்லாத சிப்பாயைத் தொங்கவிட்டிருக்கிறேன். எது பெரிய வெட்கம் என்று நீயே சொல்.

இன்னும் கேள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் டோபினை முன்னால் கூப்பிட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பேஸ்பால் சார்ஜென்ட் அவனிடம், “எங்க டால்டனப் பாத்தியா அங்க? எப்படி இருக்கான்?” என்றார். உன் பிள்ளை ஒரு நொடி என்னைப் பார்த்தான். “வேற பிரிவு சார். நல்லா சுடறான்னு கேள்விப்பட்டேன்” என்றான்.

வீட்டுக்கு வந்து அவன் காலில் விழாத குறை. “விடுங்க மாமா, எனக்குப் பழகிப்போச்சு” என்றான். அதைக் கேட்டதும் டார்லா சமையலறைக்குப் போய்விட்டாள். ஒரு பையன் தலையில் இரண்டு வீட்டு மானத்தையும் ஏற்றி வைத்துச் சண்டைக்கு அனுப்புகிறோம் அக்கா.

மறுநாள் அவனே வண்டியை எடுத்துக்கொண்டு மாண்ட்கோமரிக்குப் போய் டால்டனோடு இருந்துவிட்டு வந்தான். நான் போகவில்லை.

வருகிற ஞாயிறு கொடியைக் கழற்றிவிட்டு டால்டனைக் கூட்டிக்கொண்டு மாதா கோவிலுக்குப் போவதாக டார்லாவிடம் சத்தியம் பண்ணியிருக்கிறேன். பயமாக இருக்கிறது. எனக்காக ஜெபம் பண்ணு, உனக்கு அதில் நம்பிக்கை இல்லாவிட்டாலும்.

உன் தம்பி,
ஹாயட்


நார்த் வெல்பி
14 ஜனவரி 2007

என் கண்ணே டோபின்,

அம்மா சுகம். நீ எந்த ஊரில், எந்தப் பாலைவனத்தில் இறங்கியிருப்பாய் என்று தெரியவில்லை. வயிறு வாடாமல் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி.

நேற்று சனிக்கிழமை. ஃபிலிஸ் தட்டியின் அந்த முனையைப் பிடித்திருந்தாள். நான் சொன்னேன், எல்லோர் காதிலும் விழும்படி: “டோபின் குவாத்தமாலாவுல இல்ல. பட்டாளத்துல இருக்கான். இந்த வாரம் ஈராக்குக்குப் போயிருக்கான். நான் இத்தன நாளும் உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

ஃபிலிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ நடீன், படிப்புச் செலவுக்குக் கஷ்டம்னா எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?” என்றாள். அவளுக்கு வேறு காரணமே தோன்றவில்லை பார். “கஷ்டம் இல்ல. அவனா விரும்பிப் போனான்” என்றேன். கையை விட்டுவிட்டாள். அப்புறம் இன்னொருத்தி ஓடிவந்து, ‘சிப்பாயின் தாய்’ என்று ஓர் அட்டை எழுதித் தரவா, பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், முன் வரிசையில் நிற்கிறாயா என்றாள். வேண்டாம் என்றேன். உன்னை மறைத்தது போதாதென்று இனி உன்னைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கவா?

கொடியைத் தெருப் பக்கத்து ஜன்னலுக்கு மாற்றிவிட்டேன். தபால்காரர் நின்று பார்த்தார். எதிர்வீட்டார் பார்க்காத மாதிரி போகிறார்கள். போகட்டும்.

பெருமைப்படுகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. இந்தச் சண்டையை நினைத்தால் அந்த வார்த்தை எனக்கு வரமாட்டேன் என்கிறது, உன்னிடம் இனிமேல் பொய் சொல்லக் கூடாது. நான் வெட்கப்படுகிறேன். உன்னை நினைத்து அல்ல.

இனி என் கடிதங்களும் பார்சல்களும் என் பேர் போட்டு, உன் அம்மா என்று போட்டு, வெள்ளை உறையில் வரும். திரும்பி வா. நானே விமான நிலையத்துக்கு வருவேன். யார் வரிசையில் நின்றாலும் வருவேன்.

உன் அம்மா


ஈராக்
11 மார்ச் 2007

அன்புள்ள அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். புழுதிதான், பல்லுக்குள் எல்லாம் போகிறது. உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நீ புல்வெளியில் நின்று சொன்ன இடத்தை மறுபடியும் மறுபடியும் படித்தேன். மாமாவும் எழுதியிருந்தார். டால்டனோடு மாதா கோவிலுக்குப் போனாராம். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம், பக்கத்து இருக்கையில் உட்காரவும் இல்லையாம். டால்டன் தலை நிமிர்ந்து பாடினானாம்.

காலுறைப் பார்சலும் கிடைத்தது. மேலே பெரிய எழுத்தில் ‘அம்மாவிடமிருந்து’ என்று எழுதியிருந்தாய். லேமார் கண்ணில் படுவதற்குள் அதைக் கிழித்துவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள்.

பயிற்சியில் புறா உறையைப் பிடித்துக்கொண்டு சார்ஜென்ட் யார் அனுப்பியது என்று கேட்டாரே, அப்போது நான் “என் அத்தை, சார்ஜென்ட்” என்று சொல்லிவிட்டேன். அவமானத்தில் வாயில் வந்தது. சாப்பாட்டு வரிசையில் லேமார் கேட்டான், “அப்ப உங்கம்மா?” நான், “இல்லடா” என்றேன். எழுதுவது இல்லை என்கிற அர்த்தத்தில்தான் சொல்ல நினைத்தேன் என்று பிறகு எனக்கே சொல்லிப் பார்த்தேன். உண்மை இல்லை. அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்தான். அவன் அம்மா அதற்கு முந்தின வருஷம்தான் இறந்திருந்தாள். அதற்குமேல் என்னால் மாற்றிச் சொல்ல முடியவில்லை.

கயிறு மாட்டும் அன்று மாமாவை எல்லோரும் என் அப்பா என்றே நினைத்தார்கள். லேமார் அவரைக் கட்டிக்கொண்டு, “தாயில்லாப் பிள்ளைய நல்லா வளத்திருக்கீங்க சார்” என்றான். மாமா என்னைப் பார்த்தார். அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைதோறும் லேமார் இரண்டு அம்மாக்களுக்கும் சேர்த்து ஜெபம் பண்ணுகிறான். ‘டோபினோட அம்மா’ என்று சொல்லி. நான் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே போகும்போது நாங்கள் ஒரே வண்டிதான் அம்மா. அவனிடம் இதை இங்கே வைத்து என்னால் சொல்ல முடியாது.

நீ இவ்வளவு செய்த பிறகு இதைக் கேட்கிறேன், என்னை மன்னித்துவிடு. ஊர் திரும்பும் வரை அத்தை என்று போட்டு எழுதுகிறாயா? அவன் என் கடிதங்களை வாங்கிப் படிப்பான், உன்னுடையதை மட்டும் இதுவரை ஒளித்து வைத்திருக்கிறேன். அவனுக்கு எழுத ஆள் இல்லை.

டோபின்


நார்த் வெல்பி
1 ஏப்ரல் 2007

அன்புள்ள டோபினுக்கு,

அத்தை நடீன் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். உன் அப்பா ஹாயட் இடுப்புவலியோடு கோழிகளைத் திட்டிக்கொண்டிருக்கிறார். நீயும் உன் சிநேகிதன் லேமாரும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் கிடைத்தது. நீ கேட்டபடியே செய்கிறேன், அதில் ஒரு சிரமமும் இல்லை. இந்தப் பார்சலில் ஆளுக்கு நான்கு ஜோடி காலுறை இருக்கிறது, நீலக் கரை போட்டது லேமாருக்கு. மேப்பிள் மிட்டாயைச் சண்டை போடாமல் பங்கிட்டுக்கொள்ளுங்கள். லேமாருக்கும் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். இனி வாரா வாரம் அவனுக்கும் எழுதுவேன், வேண்டாம் என்று சொல்லக் கூடாது. உன் அம்மாவுக்காக அவன் ஜெபம் பண்ணுகிறான் என்று அறிந்தேன். அவளுக்கு அது தேவைதான் என்று அவனிடம் சொல்.

உன் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வாய் கிழியப் பேசுவாள், ஊர் என்ன நினைக்கும் என்று உள்ளுக்குள் நடுங்குவாள். உனக்குக் கயிறு மாட்ட வேண்டிய கை அவளுடையது. அதை மட்டும் நினைத்து நினைத்து அவள் வெந்துபோயிருப்பாள். இருந்திருந்தால் இன்றைக்கு உன்னைப் பற்றித் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லியிருப்பாள். உன் அம்மா இருந்திருந்தால் உன்னை நினைத்துப் பெருமைப்பட்டிருப்பாள், டோபின்.

குண்டு பறக்கிற இடத்தில் தலையைத் தாழ்த்தி நட. பதில் எழுது.

இப்படிக்கு,
உன் அத்தை
நடீன்